ஆர்மோனியத்துக்கு மூச்சு முட்டிய மார்கழி

மார்கழி பத்தாம் நாள் விடிகாலை, செம்பூரில் எங்கள் பேட்டையில் நடந்தவை, வரிசைப்படி:

1. மணி ஐந்து பத்து. அப்பா வீட்டைவிட்டுக் கிளம்பினார். தலையில் குரங்குக் குல்லா. கழுத்தில் மஃப்ளர். அதற்கு மேல் ஆர்மோனியத்தின் வார். வெளியே பத்தொன்பது டிகிரி. அப்பா உடுத்தியிருந்தது இமயமலைக்கு.

2. ஐந்து இருபது. பிள்ளையார் கோவில் வாசலில் பஜனை கோஷ்டி கூடியது. அப்பாவோடு சேர்த்துப் பதினாறு பேர். பதினேழாவதாக, கையில் ஒரு சின்னக் கருவியோடு, நான்.

3. ஐந்து நாற்பது. மூன்றாவது தெரு முனையில் வாட்ச்மேன் குளிருக்கு மூட்டியிருந்த தீயைச் சுற்றிக் கோஷ்டி நின்றது. பனியில் தொய்ந்துபோன டோலக்கின் தோலைச் சூடுகாட்டுவதற்காக. தீயில் எரிந்தவை: காய்ந்த இலைகள், ஒரு பழப்பெட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் கால்.

4. ஐந்து நாற்பத்தைந்து. அப்பா மேலே எட்டிப் பாடினார். ஆர்மோனியத்தில் பஞ்சம ஸ்வரம் வரவில்லை. கட்டையை அமுக்கினால் 'புஸ்'.

5. அதே நிமிடம். அப்பாவின் தொண்டையிலும் பஞ்சமம் வரவில்லை. அங்கேயும் 'புஸ்'.

6. அப்பா நடைபாதையில் உட்கார்ந்தார். ஜோல்னாப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தார். இதற்கிடையில் கமலா மாமியின் ஜால்ரா மட்டும் நிற்கவேயில்லை. உலகமே நின்றாலும் மாமியின் ஜால்ரா நிற்காது.

7. காரணம் என்ன? அப்பா: "பெட்டி சரியில்லை." வீட்டுக்கு வந்ததும் அம்மா: "இவர் சரியில்லை." நான்: "காத்து சரியில்லை."

மூன்று பேரும் சொன்னது சரி. அதை மூன்று பேரும் ஒப்புக்கொள்ள ஆன நாள்களின் கதைதான் இந்த வாரம்.

*

வழக்கமாக இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்கு அப்பாவைத் தெரியும். புதியவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். ஃபோர்ட்டில் ஓர் அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா. ஓய்வு பெற்றபின் முழுநேர பஜனை.

பஜனை கோஷ்டியில் ஒரு சட்டம் உண்டு. எழுதப்படாத சட்டம், அதனால் மிகக் கறாரானது. ஆர்மோனியப் பெட்டி யார் கழுத்தில் தொங்குகிறதோ அவர்தான் முன்பாட்டு. அவர் ஒரு வரி பாடுவார், மற்றவர்கள் அதைத் திருப்பிப் பாடுவார்கள். பதினொரு வருடமாகப் பெட்டி கணபதி மாமாவின் கழுத்தில் இருந்தது. பதினொரு வருடமாக அப்பா அவருக்கு வலதுபக்கம், அரையடி பின்னால் நடந்தார்.

இந்த வருடம் கணபதி மாமா மகன் வீட்டோடு தாணேக்குப் போய்விட்டார். (அங்கே அவருக்கு வேறு கோஷ்டி கிடைத்துவிட்டது. மூன்றாம் நாளே தலைமையும் கிடைத்துவிட்டதாகக் கேள்வி.) பெட்டி அப்பாவின் கழுத்துக்கு வந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போதுகூட அப்பா அதைக் கழற்றவில்லை என்று அம்மா சொல்கிறாள். அம்மா கொஞ்சம் மிகைப்படுத்துவாள். கொஞ்சம்தான்.

ஆனால் அப்பாவுக்குக் குளிர்காலம் ஆகாது. போன ஜனவரியில் மூச்சில் சீட்டியடிக்க ஆரம்பித்து, மூன்று நாள் ஆஸ்பத்திரியில், முகத்தில் குழாயோடு கிடந்தார். "டிசம்பர், ஜனவரியில் விடிகாலையில் வெளியே போகாதீர்கள். இன்னொரு தடவை இப்படி வந்தால் மூன்று நாளில் விடமாட்டேன்" என்று டாக்டர் அனுப்பிவைத்தார்.

அப்பா அதை இப்படிப் புரிந்துகொண்டார்: "டாக்டர் குளிரைத்தானே சொன்னார்? அதான் மஃப்ளர் போட்டுண்டிருக்கேனே."

ஆக, நிலைமை எளிது. அப்பாவுக்கு ஒரு பயம்: பெட்டி வேறு கழுத்துக்குப் போய்விடும். எனக்கு ஒரு பயம்: அப்பாவின் முகத்தில் அந்தக் குழாய் திரும்ப வரும்.

*

இதில் வேடிக்கை என்னவென்றால், என் வேலையே காற்றுதான். ஊரில் அங்கங்கே தூசியையும் புகையையும் அளக்கும் கருவிகள் நிற்கின்றன அல்லவா? அவை உண்மை பேசுகின்றனவா என்று சோதித்துச் சரிசெய்கிற இன்ஜினியர் நான். அப்பா என்னை அறிமுகப்படுத்தும் விதம்: "இவ என் பொண்ணு சுபா. காத்துல வேலை பாக்கறா."

அந்தக் 'காத்துல வேலை பாக்கற' பெண்ணுக்கு, ஒவ்வொரு மார்கழி முதல் தேதியும், தவறாமல் அப்பாவிடமிருந்து ஒரு வாட்ஸ்அப் வரும். உங்களுக்கும் வந்திருக்கும். 'மார்கழி விடியலில் ஓசோன் பூமிக்கு அருகில் இறங்கி வருகிறது. அதனால்தான் நம் முன்னோர்கள் அதிகாலையில் எழுந்து...' கடைசியில் எட்டு கைகூப்பல்கள்.

போன வருடம் பொறுமையாகச் சொல்லிப் பார்த்தேன்.

"அப்பா, நம்மைக் காக்கிற ஓசோன் ரொம்ப உயரத்துல இருக்கு. அது இறங்கி வராது. கீழே இருக்கறது வண்டிப் புகைமேல வெயில் பட்டு உண்டாகறது. அது மூச்சுக்குக் கெடுதல்."

"விடிகாலைல அது இருக்கோன்னோ?"

"வெயிலே இல்லையே. அப்போதான் ரொம்பக் கம்மி."

"கெடுதலானது கம்மியாத்தானே இருக்கு? அப்போ நல்லதுதானே?"

முப்பத்தைந்து வருடம் அலுவலகக் கோப்புகளோடு பழகியவர். வாதத்தில் ஜெயிக்க முடியாது.

உண்மையில் விடிகாலையில் ஓசோன் இல்லைதான். மற்ற எல்லாம் இருக்கிறது.

மும்பையின் வரைபடத்தைப் பாருங்கள். கடலுக்குள் நீட்டிய விரல். மேற்கே அரபிக்கடல். கிழக்கே கடல் உள்ளே புகுந்த கழி. அந்தக் கிழக்கு ஓரத்தில் செம்பூர், தெற்கே குன்றுகள், சுற்றிலும் லாரிகள் ஓயாத சாலைகள். பகலில் வெயிலில் நிலம் சீக்கிரம் சுடும், அதன்மேல் உள்ள காற்று எழும்பும், அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். ஊரைப் பெருக்கித் துடைக்கிற வேலை அதனுடையது. இரவில் எல்லாம் தலைகீழ். நிலம் முதலில் குளிர்ந்துவிடும். உள்நாட்டுத் தூசியையும் புகையையும் தூக்கிக்கொண்டு காற்று நிலத்திலிருந்து கடலுக்கு மெல்ல நகரும்.

மழைக்காலத்தில் கவலையே இல்லை. தென்மேற்குக் காற்றும் மழையும் சேர்ந்து ஊரையே குளிப்பாட்டிவிடும். ஜூலையில் என் கருவிகள் காட்டும் அளவைப் பார்த்தால் மலைவாசஸ்தலம் என்று நினைத்துக்கொள்வீர்கள். கோடையில் கடல்காற்று நேரத்தோடு வந்துவிடும், சர்ச்கேட் ஃபாஸ்ட் லோக்கல் ரயில் மாதிரி.

டிசம்பரில்? ஞாயிற்றுக்கிழமை தண்டவாள ரிப்பேருக்காக 'மெகா பிளாக்' போட்ட ஹார்பர் லைன் ரயில். வரும் என்பார்கள். மதியம் ஒரு மணிக்குமேல், நின்று நின்று, ஒன்று வரும்.

அதற்குமுன், விடிகாலையில், இன்னொரு கூத்து. தரை குளிர்ந்து, தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து, கனத்துப்போய்க் கீழேயே படுத்துவிடும். அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று ஒரு மூடிபோல உட்கார்ந்துவிடும். இட்லிப்பானையில் ஆவி மூடியில் முட்டித் திரும்புமே, அப்படி. முந்தின நாள் லாரிப் புகை, கட்டடத் தூசி, எங்கோ எரிகிற குப்பை, வாட்ச்மேன் எரித்த நாற்காலிக்கால் — எல்லாம் மூடிக்குக் கீழே. வேகிறது நாம்.

கடலோர ஊரில், வருடத்தின் மிக மோசமான மாதத்தில், நாளின் மிக மோசமான நேரத்தில், தொண்டையைத் திறந்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, ஒரு மணி நேரம் நடந்துகொண்டே பாடுவது — இதைவிடத் துல்லியமாக யாராலும் திட்டமிட முடியுமா?

*

அன்று சாயங்காலமே கோவில் மண்டபத்தில் கூட்டம். நான்தான் கேட்டு வாங்கினேன். காரியதரிசி சேஷு மாமா நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்தார். காலையில் கருவி காட்டியதை எல்லாருக்கும் காட்டினேன். பச்சை என்றால் நல்லது, சிவப்பு என்றால் கெட்டது, ஊதா என்றால் ஓடு. மூன்றாவது தெரு முனையில் ஊதா.

"ஊதா நன்னா இருக்கே" என்றாள் கமலா மாமி. "இந்தக் கலர்ல எங்கிட்ட ஒரு பட்டுப்புடவை இருக்கு."

"சரி, என்ன பண்ணலாம்ங்கறே?" என்றார் சேஷு மாமா.

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு மாத்திக்கலாம் மாமா. கடல்காத்து வந்திருக்கும்."

பின்வரிசையிலிருந்து ஒரு குரல்:

"சாயங்காலம் அஞ்சு மணிக்கு சுவாமியை எழுப்பறதா? அவர் அதுக்குள்ள ஆபீஸ் போய்ட்டே வந்திருப்பார்!"

சிரிப்பு அடங்கியபின் சேஷு மாமா ஒரு நியாயமான யோசனை சொன்னார். "சூரியோதயத்துக்கு முன்னாடிங்கறதுதானே கணக்கு? நம்ம ஊர்ப்பக்கத்துல ஆறரைக்கு விடிஞ்சுடும். இங்கே ஜனவரியில ஏழு மணி தாண்டித்தான் விடியறது. ஆறரைக்கு ஆரம்பிப்போமே?"

"இன்னும் மோசம் மாமா. மூடி அப்படியேதான் இருக்கும். ஸ்கூல் பஸ்ஸும் சேர்ந்துக்கும்."

"மண்டபத்துக்குள்ளயே பாடிட்டா?" என்றாள் கமலா மாமி.

கருவியை மண்டபத்தின் நடுவில் வைத்தேன். சூடம், சாம்பிராணி, ஊதுவத்தி, பதினாறு அகல்விளக்கு. இரண்டு நிமிடத்தில் மாமியின் பட்டுப்புடவைக் கலர் வந்தது. தெருவே தேவலை.

சேஷு மாமா அப்பாவைப் பார்த்தார். குரலை இறக்கி, அன்பாகத்தான் கேட்டார். "ராமு, நீ ஒரு வாரம் ரெஸ்ட் எடுத்துக்கோயேன். அதுவரைக்கும் பெட்டியை நம்ம வெங்கிட்டு கழுத்துல..."

அப்பாவின் முகத்தை நான் பார்த்தேன். வீட்டுப் பத்திரத்தைப் பிடுங்க வந்தவரைப் பார்க்கிற முகம் அது.

"கார்த்தால அஞ்சேகால். பெட்டி என் கழுத்துல. அவ்ளோதான்" என்று எழுந்துவிட்டார்.

எனக்கு அன்று ஒன்று புரிந்தது. என் கருவிகளைச் சோதிக்க எனக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அவை சொல்வதை மனிதர்கள் நம்பும்படி செய்ய யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

*

ஆனால் ஊமைப் பஞ்சமத்தோடு மறுநாள் போக முடியாதே? பெட்டியைச் சரிபார்க்க வேண்டும். பெட்டியில்லாமல் கோஷ்டி கிளம்ப, அப்பா வீட்டில் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் லீவு போட்டுவிட்டு, ஆட்டோவில் அவரையும் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு தாராவிக்குப் போனேன்.

பீர் பாயின் பட்டறை மாடியில் இருக்கிறது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முக்கிய வியாபாரம் தோல்பைகள். ஐந்தாறு தையல் மிஷின்கள் ஓயாமல் ஓடுகின்றன. ஆர்மோனியத்தின் துருத்திக்கும் தோல் வேண்டுமே, அப்படி ஆரம்பித்துப் பெட்டி ரிப்பேரும் சேர்ந்துகொண்டதாம்.

"வாங்க சார், வாங்க. என்ன, தை பொறக்க முன்னாடியே பெட்டி வந்துட்டு?"

அப்பாவுக்குச் சுருக்கென்றது. "ஏன், எப்பவும் தையிலயா வரும்?"

"கணபதி சார் வருசா வருசம் தையிலதான கொண்டாருவாரு. பஜன முடிஞ்ச மறுநாளு. ஒங்க ஆளுக பெட்டி மட்டும் ஏன் இப்படின்னு நானும் நெனைப்பேன்."

நான்கு ஸ்க்ரூக்களைக் கழற்றி மேல்பலகையைத் தூக்கினார். பஞ்சமத்தின் பித்தளை ரீடை, சத்தம் எழுப்புகிற அந்தச் சின்ன நாக்கை, உருவி, வெள்ளைத் துணியில் ஒரு தட்டு தட்டினார். துணியில் ஒரு கறுப்புக் கோடு.

"கரி" என்றார். "பூராவும் கரி."

எனக்குள் இருக்கும் இன்ஜினியர் எழுந்து உட்கார்ந்தாள். ஒரு பெட்டியை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஒப்பிட இன்னொன்று வேண்டும்.

"பாய், மத்த பெட்டியும் இப்படித்தான் இருக்குமா?"

"அதெப்படிம்மா இருக்கும்? இந்தா பாரு." அலமாரியிலிருந்து இன்னொன்றை இறக்கித் திறந்தார். "இது மாஹிம்ல, கடலப் பாத்த வீடு. பாட்டு டீச்சரம்மா. சன்னலத் தொறந்துவெச்சு சாயங்காலம் வாசிப்பாவ. கரி இருக்கா? கெடையாது. ஆனா பித்தள பூரா பச்ச. உப்பு." மூன்றாவதைத் திறந்தார். "இது கோவண்டி. கவாலி பாடுத ஆளு. இதுல கரியும் உண்டு, சிமிண்டும் உண்டு."

ஊர் முழுக்க நாங்கள் கம்பம் நட்டு, கருவி வைத்து, கேபிள் இழுத்துச் சேகரிப்பதை இந்த மனிதர் அலமாரியில் அடுக்கி வைத்திருக்கிறார்!

"மழையில வார பெட்டில பூஞ்சக்காளான். சித்திர வைகாசியில வார பெட்டில கரப்பான். குளிருல வார பெட்டில கரி. எனக்குக் காலண்டரே வேண்டாம்மா. பெட்டியத் தொறந்தா மாசம் சொல்லிருவேன்."

அப்பா அந்தக் கறுப்புக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெட்டி மேல தப்பு இல்ல சார். துருத்திய நீங்க அமுக்குதிய. அது காத்த இழுக்கு. எந்தக் காத்து இருக்கோ அதத்தான இழுக்கும்?"

"இதுக்கு என்ன பண்றது பாய்?"

"இழுக்குற ஓட்டைல மெல்லுசா துணி ஒட்டித் தாரேன். கரி உள்ள போவாது. ஆனாலும் குளிரு போறவரைக்கும் காலம்பற வெளிய கொண்டுபோவாதிய."

"சரி பாய். கொண்டுபோகலை."

நான் திரும்பிப் பார்த்தேன். என்ன? அவ்வளவுதானா? ஒரு கேள்விகூடக் கிடையாதா? ஒரு வருடமாக டாக்டரும் நானும் அம்மாவும் மாறி மாறிச் சொன்ன அதே வாக்கியம். அதை ஆர்மோனியத்துக்காகச் சொன்னால் ஐந்து விநாடியில் சம்மதம். பெட்டிக்கு மாஸ்க் போடவும் சம்மதம்.

பீர் பாய் அப்பாவின் சட்டைப்பையில் எட்டிப்பார்த்த இன்ஹேலரைக் கவனித்திருக்க வேண்டும். ஸ்க்ரூவைத் திருகிக்கொண்டே, யாரையும் பார்க்காமல் சொன்னார்:

"பெட்டின்னா நாலு ஸ்க்ரூவக் கழட்டித் தொடச்சிருவேன் சார். ஒங்கள எங்கனக்குள்ள கழட்ட?"

அப்பா சிரித்தார். நன்றாகத்தான் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க இரண்டு கிளாஸ் தண்ணீர் ஆனது.

திரும்பி வரும்போது சயான் சிக்னலில் ஆட்டோ நின்றது. நின்றுகொண்டே இருந்தது. அப்பா வெளியே பார்த்தபடி கேட்டார்:

"கடல்காத்து எத்தனை மணிக்கு வரும்னு சொன்னே?"

*

வழி கண்டுபிடித்தது நான் இல்லை. அம்மா. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, அலட்சியமாக.

"நீங்க முன்னாடி பாடறேள். அவா பின்னாடி திருப்பிப் பாடறா. நடுவுல ரெண்டடி தூரம் இருந்தா என்ன, ரெண்டு தெரு தூரம் இருந்தா என்ன?"

நானும் அப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். சேர்ந்து பாடுகிற பாட்டு என்றால் போனில் நடக்காது. குரல் போய்ச் சேரத் தாமதமாகும், தாளம் சிதறிவிடும். ஆனால் ஒருவர் பாடி மற்றவர்கள் திருப்பிப் பாடுவது? தாமதம் ஆனால் ஆகிவிட்டுப் போகட்டுமே. எப்படியும் அவர்கள் காத்துக்கொண்டுதானே இருக்கிறார்கள்!

சேஷு மாமாவிடம் அப்பா நேரில் போய்ச் சொன்னார். தயங்கித் தயங்கித்தான். மாமா நோட்டில் எழுதிக்கொண்டே சொன்னார்: "சரி ராமு. குரல் உன்னுது, கால் எங்களுது. பெட்டி எங்கே இருக்கோ அதான் முன்பாட்டு. அதுல மாத்தம் இல்லை."

அப்பா வீட்டுக்குள் நுழையும்போது கொஞ்சம் உயரமாகத் தெரிந்தார்.

மார்கழி பதின்மூன்று. காலை ஐந்தேகால். அப்பா படுக்கையறையில், ஜன்னல்கள் சாத்தி, மடியில் மாஸ்க் போட்ட பெட்டி, எதிரே செல்போன். தெருவில் கோஷ்டி. நடுவில் என் கழுத்தில் புளூடூத் ஸ்பீக்கர், முகத்தில் மாஸ்க். கமலா மாமி, வாட்ச்மேன் தீ வேண்டாம் என்று, டோலக்கைத் தன் ஹேர் டிரையரால் வீட்டிலேயே சூடுகாட்டிக் கொண்டுவந்திருந்தாள்.

"ஹலோ... கேக்கறதா?"

பதினைந்து பேரும் ஒரே குரலில்: "கேக்கறது!"

அற்புதமாகப் போனது. அப்பா ஒரு வரி பாடுவார். ஸ்பீக்கர் அதைச் சொல்லும். கோஷ்டி திருப்பிப் பாடும். இரண்டு தெரு தாண்டினோம். மூன்றாவது தெருவில், ஒரு வரி முடிந்து அடுத்த வரிக்கு முன்னால், அம்மா எதற்கோ ஜன்னலைத் திறக்க, அப்பா அவள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும். பாட்டிலேயே இருந்ததால் சொன்னதும் ராகத்திலேயே வந்தது:

"ஜன்னலைச் சாத்து... கரி வரது..."

முன்பாட்டு சொன்னால் பின்பாட்டு கேள்வி கேட்காது. பதினைந்து பேர், ஜால்ரா, டோலக் சகிதம், உருக்கமாக:

"ஜன்னலைச் சாத்து... கரி வரது..."

இரண்டாம் தடவை பாடும்போது கமலா மாமி மேல்ஸ்தாயியில் ஒரு சங்கதி வேறு சேர்த்தாள்.

நான் ஸ்பீக்கரை அணைக்கத் தடவுவதற்குள், முதல் மாடியில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் ஜன்னல் சாத்தப்பட்டது. பிறகு இரண்டாம் மாடியில் ஒன்று. காற்று மாசு பற்றி மூன்று வருடமாக நான் பள்ளிக்கூடங்களில் படம் போட்டுப் பேசியிருக்கிறேன். இவ்வளவு விரைவான பலன் எனக்குக் கிடைத்ததே இல்லை.

*

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். அப்பா உள்ளே, மற்ற பதினைந்து பேர் வெளியே. இது தீர்வா? இல்லை. நான் அதைச் சொல்லவும் செய்தேன். சொன்னதன் விளைவு: இருபதாம் நாளுக்குள் மேலும் நான்கு பேர் இருமலைக் காரணம் காட்டி போன்வழிக்கு மாறிவிட்டார்கள். அதில் ஒருவர் சேஷு மாமா. இப்படியே போனால் மாதக் கடைசியில் ஸ்பீக்கர் மட்டும் தனியாக வீதிவலம் வரும், வாட்ச்மேன் கையில்.

அதனால் சேஷு மாமாவே மறுபடி கூட்டம் போட்டார். அங்கே அவரே ஒரு வழியும் சொன்னார். சாயங்காலம் சுவாமியை எழுப்ப வேண்டாம். எழுந்தவர் எழுந்தவராகவே இருக்கட்டும். ஞாயிறு மாலை ஊஞ்சல் பாட்டு பாடிக்கொண்டு ஒரு வலம் வருவோம். விடிகாலையில் தெருவலம் ஒரே தெருவோடு சரி. நோட்டில் எழுதி எல்லாரிடமும் கையெழுத்து வாங்கினார்.

போன ஞாயிறு. ஹார்பர் லைனில் மெகா பிளாக். கடல்காற்று வந்துவிட்டது, ஒன்றே முக்காலுக்கு. ஐந்து மணிக்கு அப்பா பெட்டியைக் கழுத்தில் மாட்டினார். குல்லா இல்லை, மஃப்ளர் இல்லை. கிளம்பும்போது என்னைக் கூப்பிட்டு, யாருக்கும் கேட்காமல், "உன் மிஷின் என்ன சொல்றது?" என்றார்.

அவர் அப்படிக் கேட்பது இதுவே முதல் தடவை.

"மஞ்சள்ப்பா. பச்சை இல்லை. ஆனா போலாம்."

மூன்றாவது தெரு முனையில் அப்பா மேலே எட்டிப் பாடினார். பெட்டியில் பஞ்சமம் வந்தது. தொண்டையிலும் வந்தது. நின்றது. நான் மூச்சை விட்டேன்.

மறுநாள் காலை போனில் 'டிங்' என்றது. அப்பா அனுப்பிய வாட்ஸ்அப். 'பலமுறை பகிரப்பட்டது' என்ற அடையாளத்தோடு.

'கடலோர ஊர்களில் மார்கழி விடிகாலையில் காற்று இட்லிப்பானை போல மூடிக்கொள்கிறது. மதியத்துக்குமேல் கடல்காற்று வந்து ஊரைத் துடைக்கிறது. நம் முன்னோர்கள் இதை அன்றே அறிந்திருந்தார்கள்...' எட்டு கைகூப்பல்கள்.

என் இட்லிப்பானை! அன்று சயான் சிக்னலில், ஆட்டோவில் அப்பாவுக்கு நான் விளக்கிச் சொன்னது, வரி வரியாக. ஊரைச் சுற்றிவிட்டு, முன்னோர்கள் கையெழுத்துப் போட்டு, என்னிடமே வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு வயது இருபத்தேழு. முன்னோர் ஆக இவ்வளவு சீக்கிரம் முடியும் என்று நினைக்கவில்லை.

இன்றைய நிலவரம்: மார்கழி முடிய இன்னும் நான்கு நாள். விடிகாலையில் தெருவில் பதினொரு பேர், போனில் ஐந்து பேர். ஞாயிறு வலத்தில் அப்பா இருமியது ஒரே ஒரு தடவை. பெட்டி அப்பாவிடம்தான் இருக்கிறது.